பாப்பா குறிப்பு அவர் போன்ல வரவே இல்ல, எந்த ஆப் மாத்தலாம்? (அவசரம்)

அரைத்தூக்கம்:
பால், டயப்பர், மருந்து நேரம் எல்லாம் நோட் ஆப்லதான் எழுதுறேன். வீட்டுக்காரர் போன்ல தெரிய மாட்டேங்குது. ஷேர் பண்ணியாச்சு, நெட்டும் இருக்கு. வேற நல்ல ஆப் சொல்லுங்க, ராத்திரிக்குள்ள வேணும்.

குட்டிப்பை:
எந்த ஆப்? ரெண்டும் ஆண்ட்ராய்டா, ஒண்ணு ஐபோனா? எதுவுமே வரலையா, சிலது மட்டும் வரலையா?

நடுநிசி:
பேட்டரி சேவர். கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். செட்டிங்ஸ்ல அந்த ஆப்போட பேட்டரி பக்கம் போய் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்க. அக்கவுண்ட் சிங்க் ஆன்ல இருக்கான்னும் பாருங்க.

குட்டிப்பை:
பேட்டரி சேவர்னா வர்றது தாமதமாகும், அவ்வளவுதான். அவர் ஆப்பைத் திறந்து பட்டியலைக் கீழே இழுத்தா வந்துடணும். அப்பவும் வரலைன்னா காரணம் வேற.

கோப்புமூப்பன்:
எந்த ஆப்னு கூட எழுதாம "நல்ல ஆப் சொல்லுங்க"ன்னா என்ன சொல்றது? இந்தக் கேள்வி வாரம் ஒண்ணு வருது. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், அதை ரெண்டு போனுக்கும் நேரடியா ஒத்திசைக்கிற சிங்க்திங் ஆப், முடிஞ்சது கதை. ஆப் கம்பெனிக்காரன் தயவு தேவையில்ல.

குட்டிப்பை:
@கோப்புமூப்பன் ஒரே ஃபைலை ரெண்டு பேரும் ஒரே சமயத்துல திருத்தினா, சிங்க்திங் ஃபைல் பேர்ல 'சின்க்-கான்ஃப்ளிக்ட்'னு (ரெண்டு திருத்தமும் மோதுதுன்னு) சேர்த்து இன்னொரு ஃபைல் உருவாக்கும். ராத்திரி 3 மணிக்கு அதுல எது சரின்னு யார் உக்காந்து ஒப்பிடுறது?

அரைத்தூக்கம்:
மன்னிக்கணும். கூகுள் கீப். ரெண்டும் ஆண்ட்ராய்டு. போன வார நோட் அவருக்குத் தெரியுது, இன்னைக்கு எழுதினது இல்ல. தினம் காலைல புது நோட் போட்டு 'பாப்பா'ன்னு லேபிள் வைப்பேன்.

குட்டிப்பை:
இதுதான் விஷயம், ஆப் மாத்த வேண்டாம். கீப்ல லேபிள் உங்க பார்வைக்கு மட்டும்தான், அதை வச்சா யாருக்கும் பகிராது. ஃபோல்டர் மாதிரி மொத்தமாப் பகிரவும் வழியில்ல, ஒவ்வொரு நோட்டுலயும் தனியாக் கொலாபரேட்டர் (கூடப் பார்த்து எழுதுறவர்) சேர்க்கணும். போன வாரம் ஒண்ணுல சேர்த்திருக்கீங்க, அது தெரியுது. தினம் போடுற புது நோட் உங்களோடயே நிக்குது.

அதனால தினம் புதுசு போடாதீங்க. நிரந்தரமா ரெண்டே நோட்: ஒண்ணு வெளிய கிளம்புற பை, இன்னொண்ணு அன்னாட வேலை. ரெண்டும் செக்பாக்ஸா இருக்கட்டும். காலைல மெனுவுல எல்லா டிக்கையும் ஒரே தட்டுல எடுத்துடலாம். அந்த நோட் உங்களோடதுன்னா நீங்க டெலிட் பண்ணினா அவருக்கும் போயிடும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நடுநிசி:
அப்படியே அவர் போன்ல ஆப்போட மேல் மூலைல இருக்கிற படத்தைத் தட்டிப் பாருங்க. ஆபீஸ் மெயில் திறந்திருந்து நோட் சொந்த மெயிலுக்குப் போயிருந்தாலும் இதே கதைதான். (பேட்டரின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.)

மாத்திரைடப்பா:
எல்லாரும் ஒண்ணை விட்டுட்டீங்க. மருந்து நேரத்தை எந்த ஆப்லயும் வைக்காதீங்க. ஒருத்தர் 2 மணிக்குக் கொடுத்தது இன்னொருத்தர் போனுக்கு 3 மணிக்கு வந்தா, நடுவுல ரெண்டாவது தடவை கொடுத்திருப்பாங்க. பாட்டில்லயே மாஸ்கிங் டேப் ஒட்டி பென்சில்ல எழுதுங்க: `2:15 பகல், 5 மி.லி., அப்பா`. மருந்தைக் கையில எடுக்கிறவங்க கண்ணுல அது படாம போகாது. லேபிள்ல '5 மி.லி.ல இத்தனை மி.கி.'ன்னு இருக்கிற வரியை மட்டும் டேப்பால மறைச்சுடாதீங்க. ஒரே பேர்ல ரெண்டு வீரியத்துல சிரப் வரும்.

கோப்புமூப்பன்:
பென்சிலா? 0.5 ஜெல் பேனா வாங்கினா தெளிவா இருக்கும்.

மாத்திரைடப்பா:
ஜெல் மை தண்ணி சேர்ந்தது. சிரப் வழிஞ்ச விரல் பட்டா பல பேனா மை தீத்திடும்.

கோப்புமூப்பன்:
அப்போ பால்பாயிண்ட்.

மாத்திரைடப்பா:
பால்பாயிண்ட் மை தானா இறங்கித்தான் முனைக்கு வரணும். நிக்கிற பாட்டில்ல, ஃப்ரிட்ஜ் கதவுல எழுதினா நாலு வரியில நின்னுடும். பென்சிலுக்கு மேலு கீழு கிடையாது.

நடுநிசி:
பர்மனென்ட் மார்க்கர்?

மாத்திரைடப்பா:
எழுதும். ஆனா மூடியைக் கழட்டி வச்சது குழந்தை கைக்குப் போகும், முனையும் காயும்.

குட்டிப்பை:
பேனா சண்டைக்குத் தனி இழை போடுங்கப்பா. @அரைத்தூக்கம் இன்னொண்ணு: மருந்துக்கடை பில், ரிப்போர்ட் எல்லாம் வழவழப்பான தெர்மல் தாள்ல வந்தா அன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க. சூட்டுல கறுக்கும், நாளானா எழுத்து மங்கிப் போகும். பையில வெந்நீர் பிளாஸ்க்கோட ஒட்டி வைக்கவே கூடாது.

கோப்புமூப்பன்:
டெக்ஸ்ட் ஃபைல்னா இவ்வளவு பேச்சே வந்திருக்காது.

அரைத்தூக்கம்:
கொலாபரேட்டர் சேர்த்தேன், வந்துடுச்சு. அவர் ஆபீஸ் மெயில்லயும் இருந்தார். டேப் ஒட்டியாச்சு. பாப்பா எழுந்துட்டா, போறேன்.