தேங்கிய சுங்குடிச் சேலைக்கு ஏஐ வைத்துச் சலுகை போட உதவி வேண்டும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. சித்திரைத் திருவிழாவுக்கு எடுத்த சுங்குடியில் 140 சேலை ஐந்து மாதமாக நகரவில்லை. பெரும்பாலும் அடர்பச்சை, மடிப்போரம் வெளுக்கத் தொடங்கிவிட்டது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. தீபாவளிக்குள் விற்றாக வேண்டும்.

இரண்டு வருட பில்களை எக்செலில் எடுத்து, போன் நம்பருக்குப் பதில் ஆளுக்கொரு வரிசை எண் போட்டு, இலவச ஏஐ செயலியில் கொடுத்தேன். எல்லாருக்கும் 30 சதவீதத் தள்ளுபடி என்றது. கொள்முதல் விலையே தேறாது. அடக்க விலையைச் சேர்த்துக் கேட்டேன், 25 என்றது. அப்புறம் நானே வாட்ஸ்அப்பில் 400 பேருக்கு ஒரே செய்தி அனுப்பினேன். மூன்று சேலைதான் போனது.

முன்பு சுங்குடி வாங்கியவர்களைத் தனியாகப் பிரித்து, அவரவருக்கேற்ற சலுகையை ஏஐ சொல்ல வேண்டுமென்றால், பில்லிலிருந்து என்னென்ன விவரம் கொடுத்து, எப்படிக் கேட்க வேண்டும்?