றம்பொடை முடக்குகளில் ஒரு பூக்காரப் பையன்

ஒன்பது நாள் கேம்பர் பயணத்தில் அது எட்டாம் நாள். மறுநாள் மாலை கொழும்பில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் அன்றிரவு எப்படியாவது கண்டிப் பக்கம் போய்விடுவது என்று முடிவு. பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா, றம்பொடை, கம்பளை. நாலரை மணித்தியாலம் என்றது போன். அது காருக்கான கணக்கு. எங்களுடையது ஜப்பான் மினி பஸ் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, குட்டிக் கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டியது. அதற்குள் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமி.

எட்டாம் நாள் எப்படி இருக்கும் என்று இப்படிப் போனவர்களுக்குத் தெரியும். முதல் நாள் அலுமாரிக் கதவு ஆடினாலே வண்டியை நிறுத்திப் பூட்டுவோம். எட்டாம் நாள் சட்டி உருண்டு கதவு வரை போனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பண்டாரவளையில் தங்கிய இடத்தில் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தது. 120 லீட்டர் தாங்கியை வாய்வரை நிரப்பினேன். மிச்சமிருந்தது ஒரே ஓர் இரவு, அதற்கு இருபது லீட்டர் போதும். சும்மா கிடைக்கிறதே என்று நிரப்பியதுதான்.

காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். வெலிமடையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் வாங்கினோம், ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. சீதா எலிய கோவிலில் மாமி இறங்கினார், ஒரு மணித்தியாலம் போனது. நுவரெலியாவில் ஏரிக்கரையில் நிறுத்தி மத்தியானச் சோறு. நகரம் 1,868 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகை வாக்கிலேயே கொதித்துவிடும். வழக்கமான நேரத்துக்கு வடித்தால் அரிசி நடுவில் கல்லாக நிற்கும். மாமி அதையும் என் அடுப்பின் தலையில்தான் போட்டார்.

மூன்றரைக்குக் கண்டி ரோட்டில் ஏறினோம். அந்தப் பாதை முதலில் கொஞ்சம் ஏறும், அப்புறம் இறக்கம், இறக்கம், இறக்கம். கம்பளை வருவதற்குள் ஏறக்குறைய 1,400 மீட்டர் கீழே வந்துவிடுவோம். பனிமூட்டம் வேறு.

இரண்டாவதோ மூன்றாவதோ முடக்கில் அந்தப் பையன் வந்தான். கையில் பெரிய பூங்கொத்து. அந்தப் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பூக்காரப் பையன்களைத் தெரிந்திருக்கும். மேல் முடக்கில் வேண்டாம் என்றால், தேயிலைக்குள் குறுக்குப் பாதையால் ஓடிவந்து கீழ் முடக்கில் நமக்கு முன்னால் நிற்பார்கள். எங்கள் வேகத்துக்கு அவன் ஓட வேண்டியிருக்கவில்லை. நடந்தே வந்தான்.

“பூ எடுங்க சேர்.” வேண்டாம் என்றேன். அடுத்த முடக்கிலும் வேண்டாம் என்றேன். அதற்கடுத்ததில் மாமி யன்னலைத் திறந்து விலை பேசத் தொடங்கினார். நான் நிறுத்தவில்லை, பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. நாலாவது தடவை அவன் பூவை நீட்டவில்லை. கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினான்.

“சேர், நிப்பாட்டுங்க! முன் சில்லுல புகை வருது!”

கருகல் மணம் எனக்கும் கொஞ்ச நேரமாக வந்துகொண்டுதான் இருந்தது. முன்னால் போகிற லொறியின் மணம் என்று நினைத்திருந்தேன். (நம் வண்டியில் வரும் மணம் எப்போதும் அடுத்தவன் வண்டியுடையதுதான்.) பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போலிருந்தது. ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து, ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் அகலமான இடத்தில் எப்படியோ நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் பையன் சில்லுக்குக் கீழே கல் வைத்துவிட்டான்.

வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த மரக்கறி லொறிச் சாரதி ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

“ஊத்தாதீங்க தம்பி. பிரேக் சூட்டுல தண்ணி பட்டா வெடிப்பு விழுந்துரும். தானா ஆறட்டும். என்ன கியர்ல வந்தீங்க?”

“மூணு.”

சிரித்தார். “ஏறுற கியர்லதான் எறங்கணும். இல்லாட்டி பாரம் முழுக்க பிரேக்லதான் விழும்.”

பிறகு உள்ளே ஏறி, வைப்பர் கம்பியைத் தட்டி, “இது என்னத்துக்குன்னு தெரியுமா?” என்றார். அது எக்ஸோஸ்ட் பிரேக். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினையே வண்டியைப் பிடித்து நிறுத்த வைக்கும். சில்லு சூடாகாது. எட்டு நாளாக அதை வைப்பரின் இன்னொரு வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை வாடகைக்குத் தந்தவர்கள் கழிப்பறையைக் கழுவுவது பற்றி அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தார்கள். இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லைதான்.

“தாங்கியில எவ்வளவு தண்ணி?” என்றார் கடைசியாக. சொன்னேன். “அப்ப ரெண்டு ஆளை சும்மா ஏத்திக்கிட்டு எறங்குறீங்க” என்று சொல்லி, குழாயைத் திறந்து கானுக்குள் விட்டுவிட்டார்.

ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். மிச்சத் தூரம் முழுக்க இரண்டாவது கியர். புசல்லாவையிலேயே நன்றாக இருட்டிவிட்டது. பேராதனைக்கு வரும்போது இரவு ஒன்பதரை.

இதைப் படித்தவர்கள் எழுதியவை:

ஹட்டன் பக்கத்து அன்பர்:
எங்கள் கினிகத்தேனை இறக்கத்தில் எனக்கு நடந்தது பனியால். தங்கை குடும்பம் கனடாவிலிருந்து வந்திருந்தபோது இதே மாதிரி ஒரு கேம்பரில் வந்தோம். ரோடு தெரியவில்லை என்று பெரிய லைட்டைப் போட்டேன், முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பியது. அந்த வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது. பின்னால் வந்த பஸ்ஸின் கொண்டக்டர் இறங்கிவந்து “லைட்டைத் தணிங்க அண்ணே” என்றார். அத்தோடு விடவில்லை. போன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று முடக்கு வரை முன்னால் நடந்தார், அவருடைய பஸ்ஸும் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் என்ன திட்டினார்களோ.

பதுளை அன்பர்:
எல்லாம் சரி, அந்தப் பையனிடம் பூ வாங்கினீர்களா இல்லையா?

முதலில் எழுதியவர்:
முழுக் கொத்தையும் வாங்கினேன். அவன் ஒரு சதமும் கூடுதலாக எடுக்கவில்லை, மாமி பேசிக் குறைத்த விலையைத்தான் எடுப்பேன் என்று நின்றான். ஆனால் பூவை வைக்கத் தாங்கியில் தண்ணீர் இல்லை. பேராதனை வரை பிள்ளைகளின் சோடாப் போத்தலில்தான் நின்றது.