சிக்னலில் ஐடில் ஆடுகிறது, டிபிஎஸ் (த்ராட்டில் பொசிஷன் சென்சார்) மாற்றணுமா?

கேள்வி: பழைய பெட்ரோல் கார், கேபிள் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குக் காற்று விடும் கதவை ஒரு கேபிள் இழுத்துத் திறக்கும் வகை). கத்திப்பாரா நெரிசலில் நின்றால் ஆர்பிஎம் தானாக ஏறி இறங்குகிறது, லேசாக மிதித்தால் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் நகர்கிறது. மெக்கானிக் பார்த்தவுடனே த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் சார். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். சென்சாரின் மூன்று ஒயரில் ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், மிச்சம் சிக்னல். சிக்னல் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்து த்ராட்டிலை மெதுவாகத் திறங்கள். மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.5 பக்கம், நடுவில் எங்கும் குதிக்காமல் ஏற வேண்டும். திறக்க ஆரம்பிக்கும் இடத்தில்தான் சென்சாருக்குள்ளே இருக்கும் தடம் தேயும், நம்ம ஊர் டிராஃபிக்கில் கால் எப்போதும் அங்கேதானே! முள்ளு மீட்டர் என்றால் துள்ளல் பளிச்சென்று தெரியும்.

கேட்டவர்: மூடினாலும் 0.9 காட்டுகிறது, ஆனால் சீராக ஏறுகிறது.

இன்னொருவர்: அப்போ சென்சார் நல்லாத்தான் இருக்கு. முதலில் த்ராட்டில் பாடியில் கரியைத் துடைத்து, கேபிள் இழுத்துப் பிடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறமும் 0.9 என்றால், சென்சாரின் ஸ்க்ரூ துளை நீளமாக இருந்தால் ஸ்க்ரூவை லூஸ் செய்து, மீட்டரைப் பார்த்தபடியே சென்சாரைத் திருப்பி, மேனுவலில் உள்ள அளவில் இறுக்குங்கள். வட்டத் துளை என்றால் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. த்ராட்டில் எவ்வளவு மூடும் என்று நிறுத்திவைக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

மற்றொருவர்: வேக்குவம் ஹோஸ் (எஞ்சின் காற்றை இழுக்கும் பக்கம் இணைந்த ரப்பர் குழாய்) விரிசலும் பாருங்கள். சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய சென்சார் வாங்குவதானால் மீட்டரோடு போங்கள்.