கனடாவின் 'நார்தர்ன் லைட்ஸ்' (1985): அத்தனை குரல்களை ஒரே நாளில் பதிந்தது எப்படி? பணம் போன வழி என்ன?

கேள்வி: வடதிசை

எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகக் கனடாவின் ராக், பாப் கலைஞர்கள் 'நார்தர்ன் லைட்ஸ்' என்ற பெயரில் சேர்ந்து பாடிய 'டியர்ஸ் ஆர் நாட் எனஃப்' பற்றித்தான் கேட்கிறேன். 1985 பிப்ரவரி 10 அன்று டொராண்டோவின் மான்டா சவுண்ட் ஸ்டுடியோவில் பதிந்தார்கள். கார்டன் லைட்ஃபுட்டின் கனத்த குரலும் ரஷ் குழுவின் கெடி லீயின் உச்சக் குரலும் ஒரே பாட்டில், ஒரே சுருதியில் எப்படிப் பொருந்தின? பதிவின் தொழில்நுட்பமும் பண விவரமும் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பதில் 1: இருபத்துநான்கு டிராக்

முதலில், அன்றைக்கு எல்லாமே புதிதாகத் தொடங்கவில்லை. டேவிட் ஃபாஸ்டர், பிரையன் ஆடம்ஸ், ஜிம் வாலன்ஸ் ஆகியோர் பாட்டை முன்பே எழுதி முடித்திருந்தார்கள். பிரெஞ்சு வரிகள் ராஷெல் பைமானுடையவை. பின்னணி இசையும் தயாராக இருந்தது. ஸ்டுடியோவுக்கு வந்தவர்களுக்குப் பாடுவது மட்டுமே வேலை.

சுருதிச் சிக்கலுக்கு விடை வரிகளைப் பங்கிட்ட விதத்தில் இருக்கிறது. மெட்டு கீழே தொடங்கி மேலே ஏறுகிறது. அதனால் தொடக்கம் லைட்ஃபுட்டுக்கு, உச்சத்தில் நிற்கும் வரிகள் பின்னால் வருபவர்களுக்கு. சுருதியை முடிவு செய்ய வேண்டியது கோரஸை வைத்துத்தான். ஆண் குரல்களுக்கு நடு சி-க்கு மேலுள்ள ஈ நோட்டைக் கோரஸ் தாண்டினால் கூட்டத்தில் பாதிப் பேர் கத்தத் தொடங்குவார்கள், மீதிப் பேர் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுவார்கள். அந்தக் கலவை குழப்பமாகத்தான் ஒலிக்கும்.

இன்னொன்று, இத்தகைய பதிவில் கோரஸை முதலில் முடிப்பது நல்லது. 1984 நவம்பர் 25 அன்று லண்டன் சார்ம் வெஸ்ட் ஸ்டுடியோவில் இதே பஞ்ச நிவாரணத்துக்காகப் பாடிய பிரிட்டிஷ் குழுவான பேண்ட் எய்ட் செய்ததும் அதுவே, 1985 ஜனவரி 28 இரவு 'வீ ஆர் தி வேர்ல்ட்' பாடிய அமெரிக்கக் குழு செய்ததும் அதுவே. எல்லாரும் ஒரே நேரத்தில் தேவைப்படுவது கோரஸுக்கு மட்டும்தான். தனி வரிகளை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளலாம்.

பதில் 2: ஹெட்போன் கசிவு

மேலே சொன்னதோடு, பெருங்கூட்டப் பதிவில் வழக்கமாகக் கெடும் இடங்கள்:

ஐம்பது ஹெட்போன்களிலிருந்து கசியும் தாளச் சத்தம் மைக்கில் ஏறும். அழிக்க வழியில்லை. தாளம் காட்டும் 'கிளிக்' ஒலியைக் குறைத்து, டிரம்ஸையும் வழிகாட்டிக் குரலையும் மட்டும் கொடுக்க வேண்டும். வழிகாட்டிக் குரல் இல்லாவிட்டால் கூட்டம் மெல்லச் சுருதி இறங்கும், தாளத்திலும் பின்தங்கும்.

குரல் அடர்த்திக்காகக் கோரஸை மூன்று முறை பாடவைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு டிராக் (டேப்பின் தனித்தனிப் பதிவுத் தடங்கள்) ஒதுக்கினால் ஆறு போய்விடும். 24 டிராக் டேப்பில் அது பெரிய செலவு. ஒவ்வொரு முறையும் ஆட்களை இடம் மாற்றி நிறுத்தாவிட்டால் அதே பலத்த குரல் அதே இடத்தில் மூன்று மடங்காகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

புரூஸ் காக்பர்னின் பகுதி ஹாம்பர்க்கில் தனியாகப் பதியப்பட்டது. இப்படி வேறு ஊரில் பதியும்போது டேப்பின் தலைப்பில் எந்திரங்களை ஒப்பிட்டுச் சரிபார்க்க அளவுத் தொனி ஒன்று வேண்டும். ஓட்டும் எந்திரத்தின் வேகம் 1% மாறினாலே சுருதி ஏறக்குறைய 17 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகும். ஒட்டும்போது காது கண்டுபிடித்துவிடும்.

நீல் யங்கின் வரி சுருதி சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்று ஃபாஸ்டர் சொன்னபோது, அதுதான் என் குரலின் இயல்பு என்றார் யங். நியாயம்தான். பலரும் பகிர்ந்து பாடும் பாட்டில் யார் பாடுகிறார் என்று இரண்டே சொல்லில் தெரிய வேண்டும். சுருதியை மழித்துச் சீராக்கினால் அதுவே போய்விடும்.

பதில் 3: தானியக் கணக்கு

பணத்துக்கு வருகிறேன். பாடகர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுப்பது சிறு பங்குதான். பாடல் இயற்றியோர் உரிமை, பதிவு உரிமை, இசைத்தட்டு அச்சடிக்கும் செலவு, கடைக்காரர் லாபம், விற்பனை வரி என ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். ஒன்றை மறந்தாலும் பணம் அங்கே நின்றுவிடும். பிரிட்டனில் பேண்ட் எய்ட் தட்டின் விற்பனை வரியைத் தள்ளுபடி செய்ய அரசு முதலில் மறுத்தது. பிறகு வரிக்கு ஈடான தொகையை நன்கொடையாகக் கொடுத்தது.

கனடாப் பாட்டு 1990 வரை திரட்டியது சுமார் 32 லட்சம் டாலர். அதில் 10% கனடாவின் உணவு வங்கிகளுக்கு ஒதுக்கப்பட்டது. சரியான முடிவு என்பேன். உள்ளூர்ப் பசியை மறந்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தானியம் வாங்குவதைவிடக் கொண்டுசேர்ப்பதே கடினம். ஒருவருக்கு நாளைக்கு 500 கிராம் என்றால் ஒரு டன் 2,000 பேருக்கு ஒரு நாள். 50,000 பேர் இருக்கும் முகாமுக்குத் தினம் 25 டன் போக வேண்டும். அப்போது எத்தியோப்பியாவிடம் இருந்த அசாப் துறைமுகத்தில் மூட்டை இறங்கினாலும் லாரி, டயர், டீசல் இல்லாவிட்டால் அங்கேயே கிடக்கும். பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டும் காரணமில்லை. வடக்கில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மக்களைக் கட்டாயமாகத் தெற்கே குடியேற்றுவதைக் கண்டித்ததற்காக, பிரான்சின் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை எத்தியோப்பிய ஆட்சியாளர் மெங்கிஸ்துவின் அரசு 1985 டிசம்பரில் வெளியேற்றியது.

வடதிசை

நன்றி. தட்டு வெளியிடாமல் கச்சேரி மட்டும் வைத்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்காதா?

பதில் 4: தானியக் கணக்கு

கச்சேரிக்கு அரங்கு, மேடை, ஒலி, காப்பீடு எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும்; மழை வந்தால் நஷ்டம். இரண்டையும் இணைத்தவர்கள் யூகோஸ்லாவியர்கள். 'யூ ராக் மிசியா' குழு ஒரு பாட்டை வெளியிட்டு, 1985 ஜூன் 15 அன்று பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அரங்கில் கச்சேரியும் நடத்தியது. பாட்டு முன்னே போய்ச் செய்தியைப் பரப்பிவிட்டால் டிக்கெட் விற்பது எளிது.