மறு: 'டயஜெடிக்' இசைக்குத் தமிழ்: அவளுக்குக் கேட்கிறதா?

நண்பர்களே, வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். படத்தின் கதைக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கும் ஒலியை ஆங்கிலத்தில் 'டயஜெடிக்' என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் அகவொலி, உள்ளொலி, கதைசார் ஒலி, கதையுலக ஒலி என்று நான்கு வந்துவிட்டன. எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது பார்க்கிற நமக்கு மட்டும் கேட்பதற்கு, புறவொலி, வெளியொலி, கதைசாரா ஒலி. நான் மொழியியல் படித்தவன் இல்லை. படம் பார்ப்பவன், பார்த்ததைப் பற்றி எழுதுபவன். எழுதும்போது ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன், அதனால்தான் வாயைத் திறக்கிறேன்.

மாட்டிக்கொண்ட வரி 'கண்மணி அன்போடு' பாட்டைப் பற்றியது. 1991இல் வந்த 'குணா'வில் குணா கடிதம் சொல்கிறான், அபிராமி எழுதுகிறாள். எழுதியதைப் படி என்றால் ராகம் போட்டுப் படிக்கிறாள். பாட்டாகவே படித்துவிட்டாளே என்று அவனுக்கு ஒரே குஷி. முதலில் கண்மணி வந்துவிட்டது, இங்கே பொன்மணி போட்டுக்கொள் என்று திருத்தம் வேறு சொல்கிறான். பாட்டு அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கிறது, அவர்கள் வாயிலேயே உருவாகிறது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் அதே பாட்டு, குழிக்குள் விழுந்த சுபாஷைக் குட்டன் மேலே கொண்டுவரும் நேரத்தில் வெடிக்கிறது. அங்கே யாரும் பாடவில்லை, வானொலி கிடையாது. கயிறு இழுக்கிறவர்களின் காதில் அவர்களுடைய கூச்சல்தான் இருக்கும். பாட்டு நமக்கு மட்டும். 33 வருஷத்தில் ஒரு பாட்டு கதைக்குள்ளிருந்து வெளியே வந்து நிற்கிறது என்று எழுத நினைத்தேன். 'பின்னணியில் ஒலிக்கிறது' என்று எழுதிப் பார்த்தால், அது இரண்டு படத்துக்கும் பொருந்தித் தொலைக்கிறது.

பின்னணி என்ற சொல்லையே கொஞ்சம் இழுத்தால் போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். போதாது. தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. பின்னணி இசை என்றால் காட்சியின் மேல் சேர்க்கும் இசை. தொழிலில் இருப்பவர்கள் ஆர்.ஆர். என்பார்கள், ரசிகர்கள் பிஜிஎம் என்பார்கள். பின்னணிப் பாடகர் என்றால் நடிகருக்குப் பதிலாகக் குரல் கொடுப்பவர். 'சிந்து பைரவி'யில் (1985) 'பாடறியேன் படிப்பறியேன்' என்று சுஹாசினி பாத்திரம் பாடத் தொடங்கி, நாட்டுப்பாட்டு மெட்டிலிருந்து தியாகராஜரின் 'மரி மரி நின்னே'வுக்குள் போய் இறங்குகிறாள். சபை முழுக்கக் கேட்கிறது, பாடகர் ஜே.கே.பி. வாயடைத்துப் போகிறார். அந்தக் குரல் சித்ராவுடையது, தேசிய விருது வாங்கியது, 'பின்னணிப் பாடகி' என்ற பிரிவில். கதைக்கு நட்டநடுவில் இருக்கும் பாட்டுக்குப் பெயர் பின்னணி. இந்தச் சொல்லைத் தொடவே கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது அகவொலி, புறவொலி. அழகான சோடி, ஒப்புக்கொள்கிறேன். அகம், புறம் என்றதும் நமக்கெல்லாம் மனம் இளகிவிடும். அந்த இளக்கத்தில்தான் ஏமாறுகிறோம். அகவொலி என்று எழுதினால் படிப்பவர் மனக்குரல் என்றுதான் எடுத்துக்கொள்வார். மைண்ட் வாய்ஸ் என்று நாம் சொல்வோமே, அது. மனக்குரல் வேறு சமாச்சாரம், அதற்குத் தனிச்சொல் வேண்டும். புறவொலி இன்னும் மோசம். சட்டகத்துக்கு வெளியேயிருந்து வரும் ஒலி என்று பொருள்படும். கதவுக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்கிறது, நாயைக் காட்டவில்லை. அதுவும் கதைக்குள்தானே இருக்கிறது? உள்ளொலி, வெளியொலிக்கும் இதே வியாதி.

கிரேக்க மூலத்திலிருந்து நேராக மொழிபெயர்க்கலாம் என்ற யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. டயஜெசிஸ் என்றால் எடுத்துரைத்தல். பிளேட்டோவின் 'குடியரசு' மூன்றாம் பகுதியில், கவிஞன் தன் குரலில் தானே சொல்வது ஒரு வகை, பாத்திரங்களின் குரலில் பேசுவது இன்னொரு வகை என்று பிரிக்கிறார். முதல் வகைக்குத்தான் வெறும் டயஜெசிஸ் என்று பெயர். நம் உரையாசிரியர்கள் கவிக்கூற்று என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். 1950களின் தொடக்கத்தில் பிரான்சில் எத்தியென் சூரியோ திரைப்படத்துக்கு அந்தச் சொல்லை எடுத்தபோது, கதை நடக்கும் உலகம் என்ற பொருளில் எடுத்துக்கொண்டார். அதனால் இன்றைக்கு டயஜெடிக் இசை என்றால் பாத்திரங்களுடைய இசை. கவிக்கூற்றுக்குப் பக்கத்தில் வருவது அதற்கு எதிரான பிஜிஎம்தான்! வேரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் தலைகீழாகப் போய் விழுவோம்.

வேர் வேண்டும் என்பவர்களுக்கு உள்ளூரிலேயே ஒன்று இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக 34 சொல்கிறது. அதில் 'கூற்று' உண்டு, அதற்கு அடுத்ததாகவே 'கேட்போர்' உண்டு. யார் சொல்கிறார் என்பதோடு யார் கேட்கிறார் என்பதும் செய்யுளின் உறுப்பு! தலைவி தோழியிடம் சொல்வது தலைவன் காதில் விழவேண்டும் என்று சொல்கிற பாட்டுகள் எத்தனை! நமக்கு வேண்டிய உரைகல் இந்தக் கேட்போர்தான். இதை நான் புத்தகத்திலிருந்து பிடிக்கவில்லை. ஒரு நண்பர் பிடித்துக் கொடுத்தார்.

அவருக்குச் செவித்திறன் இல்லை. படங்களை வசனவரிகளை வைத்துத்தான் பார்ப்பார். ஒருநாள் சேர்ந்து '96' (2018) பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஜானுவிடம் ராம் கேட்டுக் கேட்டும் பாடாத பாட்டு 'யமுனை ஆற்றிலே'. இத்தனை வருஷம் கழித்து அவன் வீட்டில் மின்சாரம் போய் இருட்டாகிறது, அந்த இருட்டில் அவள் அதைப் பாடத் தொடங்குகிறாள். ராம் பதறியடித்துக்கொண்டு ஓடிவருகிறான். வெறும் குரல்தான், வாத்தியம் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நண்பர் என் தோளைத் தட்டிக் கைப்பேசியை நீட்டினார். அதில் எழுதியிருந்தார்: 'பாடுகிறாளா, பாட்டு ஓடுகிறதா?' திரையில் வசனவரி ஒரு இசைக்குறியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின காட்சியில் பிஜிஎம் வந்தபோதும் அதே குறிதான். இருட்டில் வாய் அசைவும் சரியாகத் தெரியாது. ராம் எதற்காக ஓடுகிறான் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. படத்தின் உயிர்நாடி அந்த ஒரு விஷயம்.

(இடையில் ஒன்று: 'யமுனை ஆற்றிலே' வந்த 'தளபதி'யும் 'குணா'வும் 1991 தீபாவளிக்கு ஒன்றாக வந்த படங்கள். இரண்டு பாட்டுக்கும் இசை இளையராஜா, வரிகள் வாலி. ஒரே தீபாவளிக்கு வந்த படங்களின் இரண்டு பாட்டுகள் கால் நூற்றாண்டு தாண்டி வேறு இரண்டு படங்களின் உச்சக் காட்சியைத் தூக்கி நிறுத்துகின்றன. இப்போது வரும் பாட்டு எதுவாவது 2050இல் இப்படிப் பயன்படுமா என்று யோசிப்பது என் பொழுதுபோக்கு.)

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். டயஜெடிக் என்பதற்குக் 'கதையுள்', எதிர்ச்சொல்லுக்குக் 'கதைமேல்'. கதையுள் இசை, கதைமேல் இசை. கதையுள் ஒலி, கதைமேல் ஒலி. டயஜெசிஸ் என்ற பெயர்ச்சொல்லுக்கு ஏற்கெனவே வந்த கதையுலகு நன்றாக இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயரடையாகக் 'கதையுலகம் சாராத இசை' என்று எழுதினால் மூச்சு வாங்குகிறது. 'மேல்' எனக்குப் பிடிக்கக் காரணம், ஒலிகளைக் கலந்து சேர்க்கும் கலவைக் கூடத்தில் நடப்பதும் அதுதான். வசனமும் சத்தங்களும் ஓடிக்கொண்டிருக்கும் காட்சியின் மேல் இசையை ஒரு தனித் தடமாகப் போர்த்துகிறார்கள். சேர்த்து எழுதினால் கதையுளிசையா, கதையுள்ளிசையா என்று இங்கேயே அடிதடி வரும். பிரித்தே எழுதுவோம்.

சோதனை ஒன்றுதான்: கதைக்குள் ஒரு ஆளுக்காவது கேட்கிறதா? ஒருத்தர் போதும். 'பேபி டிரைவர்' (2017) படத்தில் காரோட்டும் பையனுக்குக் காதில் ஓயாத இரைச்சல். அதை மூழ்கடிக்க எந்நேரமும் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டே இருக்கிறான். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது, ஆனாலும் அது கதையுள் இசைதான். ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) படத்தில் கொலைகாரன் இசையமைப்பாளர் கிரீகின் ஒரு மெட்டைச் சீழ்க்கை அடிப்பான். பலூன் விற்கும் கண் தெரியாதவர் அந்தச் சீழ்க்கையை அடையாளம் கண்டுகொள்வதால்தான் மாட்டுகிறான். அது மட்டும் கதைமேல் இசையாக இருந்திருந்தால் ஆள் தப்பித்திருப்பான். (சீழ்க்கை அடித்தது நடிகர் இல்லை, இயக்குநரே. பின்னணிச் சீழ்க்கையாளர் என்று சொல்லலாமோ?) ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) இன்னும் நல்ல உதாரணம். அதில் கதைமேல் இசையே கிடையாது. பள்ளிக்குள் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கிறார்கள், வெளியே விளையாட்டுக் கம்பிகளில் காகங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்கின்றன. பயம் காட்ட வயலின் எதுவும் இழுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் பாட்டு முடியும்போது என்ன ஆகும் என்ற நினைப்பே போதுமாக இருக்கிறது.

நம் பக்கத்தில் எனக்கு எப்போதும் முதலிடம் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). மேடையில் மோகனா ஆடுகிறாள், காயம்பட்ட கையோடு சண்முகசுந்தரம் நாதஸ்வரம் வாசிக்கிறான். 'நலந்தானா' என்று அவள் பாட்டிலேயே நலம் விசாரிக்கிறாள். கூட்டம் முழுவதற்கும் கேட்கிறது, அவனுக்கு மட்டும் குத்துகிறது. கேட்போர் என்ற உறுப்பு இருக்கிறதே, அதை வைத்து விளையாடிய காட்சி. பதில் வாசிப்பது நாதஸ்வரம். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததற்குச் சிவாஜி மூச்சைப் பிடித்து, கன்னத்தை உப்பி நடித்திருப்பார். இத்தனைக்கும் பிறகு அங்கே பின்னணி என்று எதைச் சொல்வது?

இப்போது வரும் படங்களைப் பற்றி என் புலம்பலையும் சேர்த்துக்கொள்கிறேன். கதாநாயகன் காரிலிருந்து கால் எடுத்து வைப்பதற்குள் தியேட்டர் நாற்காலி அதிர்கிறது. அந்த இசை அவருக்கும் கேட்கிறதோ என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் சரியாக அந்தத் தாளத்துக்குத்தான் நடக்கிறார். கதைமேல் இசை கதையின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்ட காலம். இதற்காகக் கதைமேல் இசையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 'வீடு' (1988) படத்தில் பாட்டே இல்லை. பாலு மகேந்திரா, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலிருந்து எடுத்துப் போர்த்தியிருப்பார். அரைகுறையாக நிற்கும் அந்தச் சுவர்களுக்கு அந்த இசை எவ்வளவு தன்மையாகத் துணை நிற்கிறது! 'இதற்கு என்ன பெயர் வைப்பது' என்று ஒரு ஆல்பத்துக்குப் பெயர். நம் குழுமத்துக்கு வைத்திருக்கலாம்.

எல்லையில் நிற்பவை சில உண்டு. 'பிளேசிங் சாடில்ஸ்' (1974) படத்தில் ஷெரிஃப் குதிரையில் வரும்போது பிஜிஎம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்போம். பாலைவனத்தில் கவுண்ட் பேசியின் வாத்தியக் குழு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும். கதைமேல் இருந்ததைக் கதையுள் இழுத்துப் போட்ட நகைச்சுவை. இப்படி மாறும் இடத்துக்கு 'தாவல்' என்று வைக்கலாம். 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980) 'பருவமே புதிய பாடல் பாடு' இன்னொரு மாதிரி. ஓடுகிறவர்களின் காலடிதான் தாளம், ஆனால் யாரும் வாயசைப்பதில்லை. தாளம் கதையுள், பாட்டு கதைமேல். இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் இடறாமல் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் எனக்கு இந்தச் சோடிமேல் நம்பிக்கை வந்தது.

'குணா'வுக்கே திரும்பிப் போனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. குரல் இரண்டும் கதையுள், சரி. கூடவே வரும் வயலின்கள்? அங்கே வாசிக்க ஆளே இல்லை. பாடும் குரலைக் கதையுள் என்றும் வாத்தியங்களைக் கதைமேல் என்றும் பிரித்துச் சொல்வதுதான் நேர்மை என்று இப்போதைக்கு நினைக்கிறேன்.

என்னால் அவிழ்க்க முடியாத முடிச்சு டூயட். நாயகனும் நாயகியும் வாயசைக்கிறார்கள், அவர்களுக்குக் கேட்கிறது. பின்னால் ஆடும் 30 பேர் யார், அவர்களுக்குக் கேட்கிறதா, பாட்டு முடிந்ததும் எங்கே போகிறார்கள், நான்கு சரணத்துக்குள் எட்டு உடை மாறியது கதையுலகில் யாருக்காவது தெரியுமா? கனவுப் பாட்டு என்ற பழைய சொல் பாதிக்குத்தான் உதவுகிறது, எல்லா டூயட்டும் கனவு இல்லை. மேற்கத்தியச் சொற்கள் இங்கே நமக்குக் கைகொடுக்காது, அவர்களுக்கு இந்தத் தொல்லை நம் அளவுக்குக் கிடையாது. இதற்கு மூன்றாவதாக ஒரு சொல் வேண்டும். யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள்.

என் கட்டுரை வரியை இப்படி முடித்து வைத்திருக்கிறேன்: '1991இல் கதையுள் பிறந்த பாட்டு, 2024இல் கதைமேல் வந்து நிற்கிறது.' செவித்திறன் இல்லாத நண்பருக்கு அனுப்பினேன், விளக்கம் எதுவும் எழுதாமல். 'அப்படியானால் குட்டனுக்குக் கேட்காது' என்று பதில் வந்தது.