புதுப்பிப்பு: அண்ணனின் டோக்கரேவை விற்கவில்லை

போன வருடம் எழுதியிருந்தேனே, டெக்சஸில் இருக்கும் என் அண்ணன் தோட்டா விலை கட்டுப்படியாகாமல் தன் 1953ஆம் வருட ருமேனிய டோக்கரேவ் கைத்துப்பாக்கியை விற்கப் போகிறார், எனக்கு மனசே ஆறவில்லை என்று. என்ன ஆச்சு என்று சிலர் கேட்டீர்கள். விற்கவில்லை!

பழைய ராணுவ உபரித் தோட்டாக்கள் மலிவாகக் கிடைத்த காலம் போய்விட்டது, புதுசு வாங்கினால் பெட்டிக்குப் பெட்டி கை கடிக்கிறது. அதனால் அண்ணன் இப்போது தோட்டாவை வீட்டிலேயே நிரப்புகிறார். ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் பயிற்சி மைதானத்தில்) மற்றவர்கள் விட்டுப்போகும் .223 ரைஃபிள் தோட்டாவின் வெற்றுக்கூடுகளைப் பொறுக்கிவந்து, வெட்டி, அச்சில் அழுத்தி, டோக்கரேவுக்குரிய 7.62×25 அளவுக்குக் கொண்டுவருகிறார். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் செலவு நன்றாகவே குறைந்திருக்கிறது.

மிச்சமிருந்த உபரித் தோட்டாக்களைத் தீபாவளி லீவில் போனபோது இருவரும் சுட்டோம். எட்டுத் தோட்டா, ஒவ்வொன்றுக்கும் முகத்தில் அறைகிற மாதிரி சத்தம். அன்றைக்கே சுத்தம் செய்தாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பழைய பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு போகாது. முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவைத்து, அப்புறம்தான் எண்ணெய்.

நான் இருக்கும் பினாங்கில் இதெல்லாம் நடக்காது, சரிதான். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது. அதனால் துப்பாக்கி அண்ணன் வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். அடுத்த டிக்கெட்டுக்கு இப்போதே ரிங்கிட் சேர்க்கிறேன்.