புதுப்பிப்பு: பூஜையறை வெண்கலத் தகடு யாருடையது என்று தெரிந்துவிட்டது

பாட்டி துர்க்கை என்று கும்பிட்டுவரும், சிங்கமும் சூலமும் உள்ள வட்டத் தகடு என்ன என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"புளி போட்டுத் துலக்காதே, தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்" என்றவரின் யோசனைதான் பலித்தது. குங்குமம் அப்பிய ஓரத்தில் 'ஹி டைடு' (அவர் இறந்தார்) என்று ஆங்கில எழுத்து எழும்பியதும் கை அப்படியே நின்றுவிட்டது. அது துர்க்கை இல்லை, பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த நினைவுத் தகடு, குறுக்களவு சுமார் 12 செ.மீ.

இதே தேடலில் வருபவர்களுக்கு: தகட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும், பதவி, படைப்பிரிவு எதுவும் இருக்காது. உலகப் போர்களில் இறந்த வீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், தகட்டிலிருந்த அதே பெயரில் நான்கைந்து பேர். அப்பா பெயரும் ஊரும் ஒருவருக்குத்தான் பொருந்தின. 1916-இல் இறந்தவர்; இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் நினைவுகூரப்படுபவர்.

எதிர்பாராதது இதுதான்: அவர் ரங்கூனுக்கு ஓடிப்போனதாக வீட்டில் சொல்லிவந்த பாட்டியின் பெரியப்பா! அந்தக் கதையை யார் கிளப்பினார்களோ, பாட்டிக்கும் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்தார். அப்புறம் வழக்கம்போலப் பொட்டு வைத்தார்.